நெஞ்சில் கோத்த நீர்

அத்தியாயம் பதினாறு

மாஸ்டர் தன் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாளே, அந்தச் சிரிப்போடு போன வாரம் அவர்களை விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் அந்த வீட்டில் சிரிப்புக்கு இடமில்லை.

இருபத்தாறு வருடங்களாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் மாஸ்டர். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாத நாலாயிரம் பேரை ரோட்டுக்கு அனுப்பியவர். அவருடைய இடது நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்து நாலு மாதம் ஆகிறது. மூன்று சுற்று மருந்து ஏற்றியாயிற்று. நான்காவது சுற்று வரும் வியாழக்கிழமை.

மனைவிக்கு அச்சகத்தில் வேலை. பிழை திருத்துபவர். ஒருமுறை ஒரே ஒரு காற்புள்ளிக்காக முதலாளியிடமே மல்லுக்கு நின்றதால் அங்கே எல்லோரும் அவளைக் 'கமா அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் அவளோடு வீடுவரை வந்து, மாஸ்டரின் வாயில் வெறும் 'கமா'வாக நின்றுவிட்டது.

மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் நாட்களில் வண்டிக்காக யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்பது மாஸ்டரின் வீம்பு. அதனால்தான் இந்தப் பாடம்.

அன்று ஐந்தாவது நாள். காலை ஏழு மணி. கிடங்குகளின் பின்பக்கம் போகும் அகலமான ரோடு. லாரிகள் எட்டரைக்கு மேல்தான் வரும். கமா ஸ்டியரிங்கை, யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் பிடித்திருந்தாள்.

"செகண்ட் போடு," என்றார் மாஸ்டர்.

போட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஓடியது.

"கிளட்ச்ச... மெதுவா விடு."

அவர் இரண்டு துண்டாகப் பேசியதைக் கமா கவனித்தாள். அவளுடைய வேலையே அதுதான். எங்கே இருக்கக் கூடாத இடைவெளி இருக்கிறதோ அங்கே அவள் கண் போய் நிற்கும்.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"ரோட்டப் பாரு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ரோட்ட... பாரு."

இப்போது அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே, காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழி, ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. உதடு வெளுத்து, ஓரத்தில் நீலம் பூத்திருந்தது. இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, பந்தயத்தில் ஓடி முடித்தவர்போல் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

வண்டி ஓரமாகப் போய்த் தானே நின்றது. கிளட்ச்சை மிதிக்க மறந்துவிட்டாள்.

"நிறுத்தறப்ப... கிளட்ச்," என்றார் மாஸ்டர். அந்த நிலையிலும்.

கமா ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாக விலாசம் கேட்டாள். கிடங்கு ரோட்டுக்கு என்ன விலாசம் சொல்வது? சொன்னாள். அரை மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். மாஸ்டர் ஓட்டினால் பத்து நிமிடம்.

ரோட்டில் ஒரு ஆள் இல்லை. கிடங்குகளின் இரும்புக் கதவுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

"நீ ஓட்டு," என்றார் மாஸ்டர்.

"என்னால முடியாதுங்க. பாலம் இருக்கு."

"என் பக்கத்துலயும் பிரேக் இருக்கு... கால் வச்சிருக்கேன்... பயப்படாத... ஓட்டு."

பயப்படாமல் எப்படி இருப்பது? ஆனால் சாவியைத் திருப்பினாள்.

கிடங்கு ரோடு தாண்டி, பள்ளிக்கூட ரோடு தாண்டி, மூன்றாவது கியரில் பாலத்தடிக்கு வந்து சேர்ந்தாள். எத்தனை பேர் ஹாரன் அடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எல்லா ஹாரனும் தன்னைத்தான் திட்டுகின்றன என்று மட்டும் தெரிந்தது. பாலத்தின் ஏற்றத்தில் பாதி போனதும் முன்னால் போன பஸ் நின்றது. அவளும் நின்றாள். பின்னால் ஒரு வேன் வந்து முட்டுகிற மாதிரி நின்றது.

பஸ் நகர்ந்தது. அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருண்டது.

"ஐயோ, பின்னாடி போகுதுங்க."

"ஹேண்ட் பிரேக்," என்றார். கண் மூடியிருந்தது. "இழு."

இழுத்தாள்.

"ஃபர்ஸ்ட் கியர்... கிளட்ச்ச பாதி விடு... வண்டி நடுங்கும்."

"நடுங்குது."

"அது நல்ல நடுக்கம்... ஆக்சிலேட்டர்... இப்ப ஹேண்ட் பிரேக்க விடு."

வண்டி ஏறியது. பாலத்தின் உச்சியில் கமா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஓட்டினாள். கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுக்கும் துணிச்சல் அவளுக்கு இல்லை. மாஸ்டர் அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. "என்னங்க, ஏதாவது சொல்லுங்க, திட்டவாவது திட்டுங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதிலுக்கு அந்தக் குறுகிய, அவசர மூச்சு மட்டும் கேட்டது. அதை எண்ணிக்கொண்டே அவசரப் பிரிவின் வாசலில், இரண்டு வண்டி நிற்கும் இடத்தைக் குறுக்காக அடைத்து நிறுத்தினாள்.

இந்தத் தடவை கிளட்ச்சை மிதித்தாள்.

விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தாறு என்று காட்டியது. தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது என்பது நாலு மாதத்தில் கமா கற்றிருந்த பாடங்களில் ஒன்று. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்து, படுக்க விடாமல் நிமிர்த்தி உட்கார வைத்து, அந்த இடத்திலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள்.

நுரையீரல் டாக்டர் ஒரு பெண். கமாவைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். படத்தை வெளிச்சத்தில் காட்டினார். வலது பக்கம் கறுப்பாக, காற்றோடு இருந்தது. இடது பக்கம் முக்கால்வாசி வெள்ளை.

"இந்த வெள்ளை எல்லாம் தண்ணி," என்றார் டாக்டர். "நுரையீரலுக்கு உள்ள இல்ல. அதைச் சுத்தி ரெண்டு ஜவ்வு இருக்கு, அதுக்கு நடுவுல கோத்துக்கிட்டிருக்கு. இவ்வளவு தண்ணி அழுத்தினா நுரையீரல் எப்படி விரியும்? எத்தனை நாளா மூச்சு வாங்குது?"

"ரெண்டு நாளா," என்றார் மாஸ்டர்.

"பத்து நாளா," என்றாள் கமா.

மாஸ்டர் அவளைப் பார்த்தார்.

"முதுகு வலின்னு சொல்லி நாற்காலியிலயே தூங்கினீங்க. மொதல்ல ஒரு தலகாணி. அப்புறம் ரெண்டு. நேத்து மூணு. எனக்குக் கண்ணில்லையா?"

"தெரிஞ்சுதான்... ஏன் கேக்கல?"

கமா எக்ஸ்ரே பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார். அந்தப் பயத்தில்தான் அவள் கேட்கவில்லை.

மகள் அப்போதுதான் தகவல் கேட்டு ஓடி வந்தாள். கல்யாண வயதைத் தாண்டியும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்தும் வேலை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அதன் பையிலிருந்து யாருடையதோ பாதி முடித்த மூக்குக்கண்ணாடி எட்டிப் பார்த்தது.

"அம்மா, அப்பாவை யார் கொண்டு வந்தா?"

"நான்தான்."

"எதுல?"

"நம்ம கார்ல. நான் ஓட்டினேன்."

பாப்பா அம்மாவின் கையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தண்ணீரை முதுகுப் பக்கமாக ஊசி குத்தி எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட ஒரு தாளைக் கொண்டுவந்தார் ஆண் செவிலியர். "இங்க போடுங்கம்மா, எல்லாம் வழக்கமா வர்றதுதான்," என்று அடியில் ஒரு கோட்டைக் காட்டினார். கமா பேனாவை வாங்கினாள். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவள் பிறவியிலேயே கிடையாது. மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஆறாவது வரியில் நின்றாள்.

"தம்பி, இதுல வலது பக்கம்னு போட்டிருக்கு."

செவிலியர் தாளை வாங்கிப் பார்த்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார். முகம் மாறியது.

"சாரிம்மா. டைப் பண்றப்ப மாறியிருக்கு. டாக்டர் எப்படியும் ஸ்கேன் வச்சுப் பாத்துட்டுத்தான் குத்துவாங்க, ஆனா இது இப்படி இருக்கக் கூடாது. இருங்க, வேற எடுத்துட்டு வர்றேன்."

அவர் போனதும் கமா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டருக்கு ஒழுங்காக இருந்ததே அந்த ஒரு வலது பக்கம்தான். அதில் குத்தியிருந்தால்? அச்சகத்தில் அவள் கண்ணுக்குத் தப்பி எத்தனையோ பிழைகள் புத்தகமாகி வெளியே போயிருக்கின்றன. அதற்காக இதுவரை தூக்கம் கெட்டதில்லை.

புதுத் தாள் வந்தது. டாக்டரே அதைக் கொண்டுவந்து, அவளிடம் மன்னிப்புக் கேட்டு, அவளைப் படிக்கச் சொல்லிக் காத்திருந்தார்.

மாஸ்டரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தார்கள். முன்னால் ஒரு மேசை, அதன்மேல் தலையணை. அதில் கைகளை மடித்துச் சாய்ந்துகொள்ளச் சொன்னார்கள். டாக்டர் ஸ்கேன் கருவியை முதுகில் நகர்த்தி, இடது பக்கம் இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். கமா அந்தப் புள்ளியை இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"மரத்துப் போக ஊசி போடுவேன். அது மட்டும் சுருக்குனு இருக்கும்," என்றார் டாக்டர். "அப்புறம் அழுத்தற மாதிரி தெரியும். அசையக் கூடாது. இருமல் வந்தா முன்கூட்டியே சொல்லுங்க."

"நான் எதிர்ல நிக்கட்டுமா?" என்று கேட்டாள் கமா.

"நில்லுங்க. கையப் பிடிச்சுக்குங்க."

பாப்பாவால் நிற்க முடியவில்லை. திரைக்கு வெளியே போய்விட்டாள். திரைக்கு அடியில் அவள் செருப்பு மட்டும் தெரிந்தது.

ஊசி இறங்கியபோது மாஸ்டர் கமாவின் விரல்களை நெரித்தார். அவள் கத்தவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாயிரம் பேரின் பதற்றத்தைப் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்த முகம். அதில் இப்படி ஒரு பயத்தை அவள் கண்டதில்லை. கண்கள் அவளை விட்டு நகரவில்லை, இமைக்கவும் இல்லை.

கீழே பாட்டிலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பால் சேர்க்காத தேநீரின் நிறம். ஓரத்தில் சிவப்பு.

கால் லிட்டர். அரை. பாட்டிலின் கோடுகளைத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு மனுஷனுக்குள் இத்தனை தண்ணீரா? இதைச் சுமந்துகொண்டுதான் இந்த ஐந்து நாளும் பக்கத்தில் உட்கார்ந்து 'கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார்' என்று சொல்லிக்கொண்டிருந்தாரா?

"இருமல்," என்றார் மாஸ்டர்.

டாக்டர் உடனே குழாயை மூடினார். இருமல் வந்தது. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வந்தது. கமா அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். இதோ, இத்துடன் உயிர் போய்விடும் என்றே நினைத்தாள்.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டர். "சுருங்கிக் கிடந்த நுரையீரல் விரியுது. அதான் இருமுது. ஒண்ணேகால் லிட்டர் வந்திருக்கு. இன்னும் இருக்கு, ஆனா இன்னைக்கு இது போதும். ஒரேயடியா எடுத்தா வேற தொந்தரவு வரும்."

மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே காற்றுக் கசிவு எதுவும் இல்லை என்றார்கள். கிளிப் தொண்ணூற்று நான்கு காட்டியது.

மாஸ்டர் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை ருசி பார்ப்பதுபோல் உள்ளே இழுத்தார். பிறகு சொன்னார்:

"பாலத்துல பிரேக்ல கால் வச்சிருக்கேன்னு சொன்னேன் பாரு, அது பொய். காலத் தூக்கவே எனக்குத் தெம்பில்ல."

அவர் ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கிறார் என்பது முதலில் உறைத்தது. அதற்கப்புறம்தான் அவர் சொன்னது உறைத்தது. கமா பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

மத்தியானம் அறைக்கு மாற்றினார்கள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். நாலு மாதத்தில் எந்த டாக்டரும் உட்கார்ந்து பேசியதில்லை.

"இந்தத் தண்ணி திரும்ப ஊறும். ஒரு வாரத்துல ஊறலாம், ஒரு மாசம் ஆகலாம். ஒவ்வொரு தடவையும் குத்தி எடுக்கலாம். இல்லன்னா அந்த ரெண்டு ஜவ்வையும் ஒட்ட வைக்க ஒரு மருந்து இருக்கு. மூணாவது வழி, மெல்லிசா ஒரு குழாயை உள்ளயே வச்சுடறது. வீட்ல நீங்களே ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்து வடிச்சுக்கலாம். கையச் சுத்தமா வச்சுக்கணும், பொறுமையாப் பண்ணணும். வீட்ல யார் பண்ணுவீங்க?"

கமா மகளைப் பார்த்தாள்.

"நான் பண்றேன்," என்றாள் பாப்பா. ஊசியைப் பார்க்க முடியாமல் வெளியே போன அதே பாப்பா. முகம் சுண்ணாம்பாக இருந்தது. "குண்டூசித் தலை அளவு திருகாணியத் தினம் அம்பது தடவை மாட்றேன். கை ஆடாது. மனசுதான் ஆடும். பழகிக்கறேன்."

டாக்டர் தலையசைத்தார். படுக்கும்போது தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும் என்றார். மூச்சு வாங்கினால் முன்னால் சாய்ந்து, உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விட வேண்டும். முகத்துக்கு நேரே சின்ன ஃபேன் ஓடினால் நன்றாக இருக்கும். காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிட வேண்டும்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு," என்று மாஸ்டரைப் பார்த்தார். "மறைக்காதீங்க. இன்னும் ஒரு நாள் போயிருந்தா வண்டியில வந்திருக்க மாட்டீங்க."

மாஸ்டர், ஆர்.டி.ஓ. முன்னால் தப்பாகத் திருப்பிய மாணவனைப்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பாப்பா பிஸ்கட் வாங்கக் கீழே போயிருந்தாள். மாஸ்டர் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்திருந்தார். பத்து நாளில் அவர் கண்ட முதல் நல்ல தூக்கம். கமா அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தண்ணீர் ஒரு சொட்டு ஊறுகிறதோ என்று தோன்றியது.

"கமா, அந்த ஃபைலை எடு."

"எதுக்குங்க இப்ப? ரெஸ்ட் எடுங்க."

"எடு."

கட்டிலுக்குக் கீழே பையில் இருந்த ஃபைலை எடுத்தாள். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வாங்கிவந்து அவருக்குப் படித்துக் காட்டுவது அவள்தான். அவர் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்துத் தெரிவதில்லை என்பார்.

"இத்தனை நாளா விட்டுட்டுப் படிச்சியே, அந்த வரியெல்லாம் படி."

கமா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் எதையும்..."

"நீ படிக்கறப்ப வாய் நிக்கும், கண்ணு மட்டும் ரெண்டு வரி கீழ போயிட்டு வரும். பக்கத்து சீட்ல உக்காந்து ஓட்றவங்க கண்ணப் பாக்கறதுதான் என் பொழப்பு. யார் கண்ணாடியப் பாக்கறா, யார் பாத்த மாதிரி நடிக்கறான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

கேட்ட பிறகுதான் இது காலையில் அவர் தன்னிடம் கேட்ட கேள்வி என்று அவளுக்கு உறைத்தது. அவர் ஃபைலைத்தான் காட்டினார்.

அவள் முதல் ரிப்போர்ட்டைப் பிரித்தாள். எழுத்துகள் கலங்கின. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"நோய் நான்காம் கட்டத்தில் உள்ளது."

"ம்."

"சிகிச்சையின் நோக்கம் முழுமையாகக் குணப்படுத்துவது அன்று. கட்டுப்படுத்தி வைப்பது."

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். போர்வையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தார்.

"அடுத்தது?"

அடுத்தது இன்று காலை எழுதிய தாள். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அவள் கைக்கு வந்தது. மகளிடம்கூடச் சொல்லவில்லை. நாலு பேருக்கு முன்னால் படித்தால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல் மடித்து வைத்திருந்தாள்.

"மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நீர் கோத்திருப்பதால், தற்போதைய மருந்து பலனளிக்கிறதா என்பது ஐயம். எடுத்த நீரின் பரிசோதனை முடிவு வரும்வரை நான்காவது சுற்றை நிறுத்திவைக்கவும். மேற்கொண்டு..."

வாசலில் பிளாஸ்டிக் பை சரசரத்தது. பாப்பா பிஸ்கட் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"நிறுத்திட்டா?" என்றாள். "அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

கமா ஃபைலை மூடப் போனாள். மாஸ்டர் கையை நீட்டி அதன்மேல் வைத்தார். கை நடுங்கியது. அதை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை.

"உள்ள வா, பாப்பா. இப்படி வந்து பக்கத்துல உக்காரு," என்றார். "கமா, முதல் வரியிலேருந்து படி. எதையும் விடாத."